முதலாளிக்கு ஒரு தனிப்பாதை

அத்தியாயம் 4

"யார் திருடன்னு எனக்குத் தெரியும். எப்படித் திருடினாங்கன்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சாப் போதும்."

துப்பறியும் அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து மாப்பிள்ளை இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. பாதி வேலையை அவரே முடித்து வைத்திருக்கிறாரே என்று சந்தோஷப்படலாம் என்றால், பக்கத்தில் டீச்சரின் இடது புருவம் மேலே போய்விட்டது. அது போய்விட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது என்பது அவன் அனுபவத்தில் கண்ட உண்மை.

டீச்சர் ஒரு காலத்தில் நிஜமாகவே கணக்கு டீச்சர். வகுப்பில் பிள்ளைகள் சொல்லும் பொய்களைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அதிலேயே ருசி கண்டு, பள்ளியை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். மாப்பிள்ளை அவருடைய உதவியாளன். பல வருடங்களாகப் பெண் பார்த்துக்கொண்டிருப்பதால் வந்த பெயர் அது. பெண் கிடைக்கவில்லை, பெயர் கிடைத்துவிட்டது.

"விடையை முதல்ல எழுதிட்டு வழியை அப்புறமா தேடறவனை எங்க ஸ்கூல்ல காப்பியடிச்சவன்னு சொல்லுவோம் சார்" என்றார் டீச்சர்.

செருப்புக் கம்பெனி முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. தொப்பையைத் தடவிக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார். தோல் வெட்டும் மேஜைகள், தையல் இயந்திரங்கள், கோந்து வாசனை. அத்தனை பேரும் வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டு காதை இந்தப் பக்கம் நீட்டியிருந்தார்கள். கதவோரம் ஒரு ஸ்டூலில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் பெண் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் தோளில் ஒரு ஒயர் சுருளோடு திரிவதால் அவளை எல்லோரும் கேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய கைப்பையை எதிரே மேஜையில் கொட்டி வைத்திருந்தார்கள். சீப்பு, சாப்பாட்டு டப்பா, சார்ஜர், பாதி சாப்பிட்ட மிட்டாய். அத்தனை பேர் பார்க்க அவள் சீப்பு அங்கே கிடந்தது. மாப்பிள்ளைக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"நாங்க ஒவ்வொரு தடவையும் புது மாடல் போடறோம். நாங்க கடைக்கு அனுப்பறதுக்குள்ள எதிர்க்கடைக்காரன் ஷோகேஸ்ல அதே மாடல் நிக்குது" என்றார் முதலாளி. "ஆபீஸ்ல இருந்து இன்டர்நெட்ல வெளிய போற எல்லாத்தையும் ஒரு பெட்டி சோதனை பண்ணுது. எந்த டிசைன் போனாலும் அதுல பதிவாகும். ஒண்ணும் பதிவாகலை. அப்போ அந்தப் பெட்டியைச் சுத்திக்கிட்டுப் போக யாருக்குத் தெரியும்? இவளுக்குத்தான். எப்படி என் லாஜிக்?"

"அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் பக்கத்தில் நின்ற மச்சினன். முதலாளி மனைவியின் தம்பி, கம்பெனியில் மேனேஜர். அவன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டால் மேனேஜர் வேலை என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

"நான் எடுக்கலை மேடம்" என்றாள் கேபிள். "இனிமே எந்தக் கம்பெனியில என்னை ஒரு ஒயரைத் தொட விடுவாங்க?"

"சாயங்கால டீக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. அவர்கிட்ட சொல்லிக்கோ" என்றார் முதலாளி.

டீச்சர் கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "மாப்பிள்ளை, உன் செருப்பு அறுந்து போச்சுன்னு சொன்னியே. வா, எதிர்க்கடையில ஒரு ஷூ வாங்கித் தர்றேன்."

செருப்பு அறுந்து மாதக்கணக்காகிறது. எதிரியின் கடையில் வாங்கித் தருவார் என்று தெரிந்திருந்தால் முன்பே எதிரிகளை அதிகமாக்கியிருப்பான் மாப்பிள்ளை.

எதிர்க்கடை பளபளவென்று இருந்தது. கல்லாவில் எதிர்க்கடைக்காரர் கால்குலேட்டரில் போனைச் சாய்த்து வைத்து, பேரனைப் பார்ப்பதுபோல் அதையே வாஞ்சையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் வந்ததையே கவனிக்கவில்லை. ஏதோ சீரியல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் மாப்பிள்ளை.

விற்பனைப் பையன் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தான். "புது மாடல் சார். கலர் பாருங்க, இந்தப் பச்சை வேற எங்கயும் கிடைக்காது."

அந்தப் பச்சை வேறு எங்கும் கிடைக்காததற்குக் காரணம், வேறு யாருக்கும் அது தேவைப்படாததுதான் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. அழுகின கீரை நிறம். டீச்சர் ஷூவைக் கையில் எடுத்து, சின்னப் பிள்ளைக்கு நகம் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிப்பக்கம் இவ்வளவு வேலைப்பாடு. உள்பக்கம் வெறும் தோல். ஏன் தம்பி?"

"அது... உள்பக்கம் யாரு மேடம் பாப்பாங்க?"

"குதிகால்ல மூணு சிவப்புத் தையல் இருக்கே, இது என்ன?"

பையன் முகம் மலர்ந்தது. "அதுதான் மேடம் இந்த சீசன் ஸ்பெஷல்! அந்தச் சிவப்புத் தையலுக்காகவே கேட்டு வாங்கறாங்க."

டீச்சர் பேரம் பேசாமல் வாங்கினார். அவர் பேரம் பேசாமல் எதையாவது வாங்கினால் அது செருப்பாக இருக்காது, சாட்சியமாக இருக்கும். மாப்பிள்ளை அதைக் காலில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கீச்கீச்சென்று சத்தம் கேட்க, தெருவைத் தாண்டி வந்தான்.

கம்பெனியின் தையல் மாஸ்டர் அந்த ஷூவைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"என்னங்க இது! சிவப்புத் தையலோட விக்கறானா? அது எங்க வீட்டு அடையாளம்ங்க. ஒவ்வொரு மாடல்லயும் முதல் ஜோடி தைச்சதும், இது சாம்பிள், விக்கக் கூடாது, பேக் பண்றவன் தெரியாம டப்பாவுல போட்டுடக் கூடாதுன்னு நான் மூணு சிவப்புத் தையல் போடுவேன். கடைக்குப் போறதுல அது கிடையாது."

"டிசைன் படத்துல?"

"படத்துல எதுக்கு? படம் வரையற பசங்களுக்கு அது தெரியவே தெரியாது."

"கலர் என்ன?"

"காப்பிப்பொடிக் கலர்ங்க. உள்பக்கமும் இதே வேலைப்பாடு உண்டு. இந்தக் கண்ராவிப் பச்சை எங்க மாடல்லயே இல்லை."

"தைச்ச முதல் ஜோடி எங்கே போகும்?"

"நேரா முதலாளி ரூமுக்கு. அங்க கண்ணாடி அலமாரியில வெப்பாரு. முதல் ஜோடி அவர் கண்ணு முன்னாடி இருக்கணும்னு அவருக்கு ஒரு இது. ரூமைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்குவாரு. போன வாரம் பூரா வெளியூர் போயிருந்தாரே, அப்பவும் பூட்டித்தான் கிடந்தது."

டீச்சர் மாப்பிள்ளையைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "புரியுதா?"

"எதிர்க்கடைக்காரன் 'விக்கக் கூடாது'ன்னு எழுதியிருக்கறதை ஊர் பூரா வித்துக்கிட்டிருக்கான். அதை நான் கால்ல போட்டுக்கிட்டிருக்கேன்."

"அது மட்டும் இல்லை. படத்தைத் திருடியிருந்தா சிவப்புத் தையல் கிடைக்காது, ஆனா உள்பக்கம் கிடைச்சிருக்கும். இவனுக்குச் சிவப்புத் தையல் கிடைச்சிருக்கு, உள்பக்கம் கிடைக்கலை. அப்போ படத்தை எவனும் தொடலை. முதல் ஜோடியை எவனோ ஒரு பக்கமா நின்னு பாத்திருக்கான்."

"பூட்டின ரூமுக்குள்ள நின்னா? அப்போ சாவி வெச்சிருக்கறவரு..." மாப்பிள்ளை கண்ணால் முதலாளியைக் காட்டினான்.

"அவசரப்படாதே. வா, அந்தப் பொண்ணுகிட்ட கணக்குக் கேப்போம்."

நெட்வொர்க் இயந்திரங்கள் இருந்த அறை ஒரு பெரிய பீரோ அளவுக்குத்தான் இருந்தது. மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஆனாலும் மச்சினன் வாசலில் வந்து நின்றுகொண்டான், காவலுக்காம். கேபிள் விளக்குகள் மினுங்கும் ஒரு தட்டையான பெட்டியைக் காட்டினாள்.

"இதுதான் மேடம் ரூட்டர். சாதாரணமா இது ஒரே ஒரு கேள்விதான் கேக்கும். 'எங்கே போகணும்?' போய்ச் சேர வேண்டிய முகவரியைப் பாக்கும், தன்கிட்ட இருக்கற பாதை அட்டவணையைப் பாக்கும், 'இந்தப் பக்கம் போ'ன்னு அனுப்பிடும். யாரு அனுப்பினாங்கன்னு அதுக்குக் கவலை இல்லை."

"பஸ் கண்டக்டர் மாதிரி" என்றான் மாப்பிள்ளை.

"ஆமா. நம்ம அட்டவணைப்படி எல்லாமே சோதனைப் பெட்டி வழியாத்தான் வெளிய போகும். ஆனா சில பேருக்கு வேற வழி வேணும்னு வெச்சுக்கோங்க. அப்போ நாம ஒரு பாலிசி, அதாவது தனி விதி, எழுதி வெக்கலாம். உள்ள வர்ற எதையும் ரூட்டர் அட்டவணைக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி அந்தப் பாலிசியோட ஒப்பிட்டுப் பாக்கும். 'இன்ன இடத்துல இருந்து வந்தா இந்தப் பக்கம் அனுப்பு'ன்னு ஒரு வரி இருக்கும். பொருந்திச்சுன்னா அட்டவணையைத் திரும்பிக்கூடப் பாக்காது, சொன்ன பக்கம் அனுப்பிடும். எந்த வரியும் பொருந்தலைன்னா பழையபடி அட்டவணைதான்."

"அதாவது கல்யாணப் பந்தி!" மாப்பிள்ளைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "சாதாரண ஆளுன்னா 'காலியா இருக்கற இலையில உக்காரு'. சம்பந்தி வீட்டுக்காரர்னா 'நீங்க எந்த வீடு'ன்னு முதல்லயே கேட்டு, தனி ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

"கல்யாணம் ஆகாதவனுக்குப் பந்தி நினைப்பு மட்டும் குறையலை" என்றார் டீச்சர். "இங்க எந்த வீட்டுக்குத் தனி ரூம்?"

கேபிள் தயங்கினாள். வாசலில் நின்ற மச்சினனைப் பார்த்தாள்.

"முதலாளிக்கு, மேடம். 'நான் அனுப்பறதை ஒரு பெட்டி சோதனை போடறதா, நான் முதலாளியா அந்தப் பெட்டி முதலாளியா'ன்னு சத்தம் போட்டாரு. அதனால அவர் ரூம்ல இருந்து எது கிளம்பினாலும் சோதனை இல்லாம இன்னொரு லைன்ல நேரா வெளிய போற மாதிரி ஒரு வரி எழுதினேன். அந்தப் பக்கம் எட்டிப் பாத்தா வேலை போயிடும்னும் சொல்லிட்டாரு."

"நீ பாக்கலையா?"

"பாத்தேன். இன்னிக்குக் காலையில என்னைத் திருடின்னு சொன்னதும்தான் பாத்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல, அது எவ்வளவு தடவை பொருந்திச்சுன்னு ஒரு கவுண்டர் ஓடும். அவர் ஊர்ல இல்லாத வாரத்துலயும் அவர் ரூம் வரியில அது ஓடியிருக்கு மேடம். ராத்திரி பகல் நிக்காம."

"சொன்னியா?"

"சொன்னேன். 'பாத்தியா, என் ரூமோட வழியைத் திருடி அனுப்பினது நீதான்னு நீயே ஒத்துக்கிட்டே'ன்னாரு."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபத்தில் அதை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஒரு ஜோக்கும் வரவில்லை. அது அவனுக்கு அடிக்கடி நடப்பதில்லை.

"இப்போ ஓடுதா?"

கேபிள் திரையைத் திருப்பிக் காட்டினாள். முதலாளி அறை வரிக்குப் பக்கத்தில் எண்கள் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தன. முதலாளியோ ஹாலில் நின்று யாரையோ திட்டும் சத்தம் இங்கே வரை கேட்டது. அறை பூட்டியிருந்தது.

"எல்லாரும் செருப்பு எங்கே போச்சுன்னு பாத்தீங்க" என்றார் டீச்சர். "இந்த ரூட்டர் ஒண்ணுதான் எங்கிருந்து கிளம்பிச்சுன்னு பாத்திருக்கு. மாப்பிள்ளை, போய்ச் சாவியை வாங்கிக்கிட்டு வா. சாவியோட முதலாளியையும் கூட்டிக்கிட்டு வா."

முதலாளி அறை ஜில்லென்று இருந்தது. மேஜை, சோபா, அணைத்து வைத்த கம்ப்யூட்டர், பிளக்கே சொருகாத பிரிண்டர். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதில் வரிசையாக முதல் ஜோடிகள். அலமாரிக்கு எதிரே, அறையின் நடுவில் ஒரு மேடையில், பெரிய மீன்தொட்டி. நான்கு கொழுத்த பொன்மீன்கள் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீர் பச்சைப் பசேலென்று பாசி பிடித்திருந்தது.

மாப்பிள்ளை தண்ணீரைப் பார்த்தான். குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். மறுபடி தண்ணீரைப் பார்த்தான்.

"டீச்சர்... கீரை."

"சத்தம் போடாதே. பாத்துட்டேன்." டீச்சர் முதலாளியிடம் திரும்பினார். "தொட்டி அழகா இருக்கு சார்."

முதலாளி முகத்தில் முதல் முறையாக ஈரம் தெரிந்தது. "மச்சினன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தான். சாதாரணத் தொட்டி இல்லை. தானே சாப்பாடு போடும். மூடியில ஒரு கேமரா இருக்கு. எந்த ஊர்ல இருந்தாலும் போன்லயே மீனைப் பாக்கலாம். தண்ணி மாத்தற வேலை மட்டும் இவனோடது."

"மாத்தணும்னுதான் இருக்கேன் அத்தான்" என்றான் மச்சினன்.

டீச்சர் தொட்டிக்குப் பின்னால் போனார். மூடியில் ஒரு கறுப்புப் பொத்தான் கண். அது மீனைப் பார்த்தது. மீனுக்கு அப்பால், பச்சைத் தண்ணீருக்கு அப்பால், கண்ணாடி அலமாரியைப் பார்த்தது. நடு வரிசையில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு ஜோடி, வெளிப்பக்கம் இந்தப் பக்கமாக, குதிகாலில் மூன்று சிவப்புத் தையலோடு, புகைப்படம் எடுக்க உட்கார்ந்த புதுத் தம்பதி மாதிரி இருந்தது.

டீச்சர் முதலாளியைக் கூப்பிட்டு அந்த இடத்தில் குனியச் சொன்னார். முதலாளி சிரமப்பட்டுக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"மீனைப் பாக்கற கேமராதானே இது..." என்றார் அப்படியே.

"மீனுக்குப் பின்னாடி கண்ணை மூடிக்கோன்னு யாரும் அதுகிட்ட சொல்லலையே சார். உங்க ரூம்ல இருந்து கிளம்பினதால ரூட்டரும் ராஜ மரியாதையோட சோதனை இல்லாம அனுப்பிவெச்சிருக்கு. அந்தப் பெட்டி வழியா போயிருந்தா முதல் நாளே 'ஏதோ ஒண்ணு நிக்காம வெளிய போகுது'ன்னு இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்."

முதலாளி நிமிர்ந்தார். ஈரம் காய்ந்து முகம் சிவந்திருந்தது. நேராக மச்சினன் சட்டையைப் பிடித்தார். "டேய்! நீ வாங்கிக் கொடுத்த தொட்டி!"

"அத்தான், சத்தியமா மீனுக்காகத்தான் வாங்கினேன்!"

மாப்பிள்ளைக்கு மனதுக்குள் மத்தாப்பு. முதலிலிருந்தே அவனுக்கு மச்சினன் மேல்தான் கண். தொட்டி கொடுத்தவன், தண்ணீர் மாற்றாதவன், கேட்காமலே ஆமாம் போட்டவன். டீச்சரை முந்திக்கொண்டு தானே தீர்ப்புச் சொல்லலாம் போல் இருந்தது.

"சட்டையை விடுங்க சார்" என்றார் டீச்சர். "தொட்டி கொடுத்தது அவர். பாக்கறது யாருன்னு இன்னும் தெரியாது. அதைத் தொட்டி சொல்லாது. நாம கேட்டா எவனும் சொல்ல மாட்டான். ஆனா பாத்துக்கிட்டிருக்கறவனுக்குத் திடீர்னு மீன் தெரியாமப் போனா, கை சும்மா இருக்காது." கேபிளிடம் திரும்பினார். "இந்தத் தொட்டியில இருந்து மட்டும் எதுவும் வெளிய போகாத மாதிரி எழுத முடியுமாம்மா?"

"முடியும் மேடம். தொட்டிக்குன்னு தனி முகவரி இருக்கு. அதுல இருந்து வர்றதை எங்கயும் அனுப்பாம அங்கயே விட்டுடுன்னு ஒரு வரி. ஆனா அதை ரூம் வரிக்கு மேல எழுதணும். ரூட்டர் மேல இருந்து படிச்சுக்கிட்டு வரும், முதல்ல எது பொருந்துதோ அதோட நிறுத்திக்கும். கீழ எழுதினா எழுதாததுக்குச் சமம்."

"எங்க வீட்டுல அம்மா பேசினதுக்கு அப்புறம் அப்பா பேசற மாதிரி" என்றான் மாப்பிள்ளை.

"இவ கையில மறுபடியும் அதைக் கொடுக்கறதா?" என்றார் முதலாளி.

"சரி, நீங்க எழுதுங்க சார்."

முதலாளி தன் விரல்களைப் பார்த்தார். தொப்பையைத் தடவ மட்டுமே பழகிய விரல்கள். கையை வீசி, எழுதட்டும் என்று காட்டினார்.

கேபிள் ரூட்டர் அறைக்குப் போய் எழுதினாள். கவுண்டர் எகிறிக்கொண்டிருந்த பழைய வரி சட்டென்று நின்றது. மேலே புது வரிக்குப் பக்கத்தில் எண்கள் ஏறத் தொடங்கின. தொட்டி அனுப்பிக்கொண்டே இருந்தது, ஆனால் எதுவும் வாசலைத் தாண்டவில்லை. அவளும் திரும்பி வந்ததும் எல்லோரும் முதலாளி அறையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மீன்கள் மட்டும் விஷயம் தெரியாமல் சுற்றி வந்தன.

மச்சினனின் போன் அடித்தது.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள். மாப்பிள்ளை வாசலை மறித்து நின்றான். மச்சினன் போனை எடுத்தான்.

"ம்... ம்... சரி... மறந்துட்டேன்... இல்லை, வேணும்னே இல்லை... வரும்போது வாங்கிக்கிட்டு வர்றேன்." வைத்துவிட்டு ஈனமாகச் சிரித்தான். "வீட்டுல. வாஷிங் பவுடர்."

மாப்பிள்ளையின் மத்தாப்பு புஸ்ஸென்று அணைந்தது. அடுத்த போன் அடித்தபோது அவன் அக்கறையே காட்டவில்லை. அது முதலாளியின் போன். திரையைப் பார்த்த முதலாளியின் முகம் கோணியது.

"எதிர்க்கடைக்காரன்! இவன் எதுக்கு இப்போ?"

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடுங்க" என்றார் டீச்சர்.

"என்னப்பா!" அறை முழுக்க ஒலித்தது குரல். நிஜமான கவலை அதில் இருந்தது. "மீனுக்கு என்ன ஆச்சு? ரொம்ப நேரமா கறுப்பாவே இருக்கு. கரண்ட் போச்சா? குண்டு மீன் காலையிலயே சோர்ந்து போய்த்தான் இருந்துச்சு."

முதலாளி போனை வாய்க்கருகே கொண்டுபோனார். "நீ... நீ எப்படிய்யா என் மீனைப் பாக்கறே? உனக்கு எவன் கொடுத்தான்?"

"எவன் கொடுத்தானா? நீதானே நம்ம வியாபாரிகள் குரூப்புல போட்டே! 'என் செல்லங்களுடன் காலை வணக்கம்'னு லிங்க் போட்டு, எல்லாரும் பாருங்க, பாத்தா மனசு லேசாகும்னு எழுதினியே. ஊர்ல இருக்கற அத்தனை செருப்புக்கடைக்காரனும் பாக்கறோம்ப்பா. எனக்கு பிளட் பிரஷரே குறைஞ்சுடுச்சு." ஒரு நொடி நிறுத்தினார். "அப்புறம், தப்பா எடுத்துக்காதே. அந்தத் தண்ணியைக் கொஞ்சம் மாத்தச் சொல்லு. பின்னாடி இருக்கறதெல்லாம் சரியான கலர்லயே தெரியலை."

மாப்பிள்ளை சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சிரித்தால் டீச்சர் கொன்றுவிடுவார். சிரிக்காவிட்டால் செத்துவிடுவான்.

முதலாளி போனை வைத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு என்று மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கிறான். சூனியத்துக்குத் தினமும் காலை வணக்கம் சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறான்.

"யாருன்னு தெரியும்னு சொன்னீங்க சார்" என்றார் டீச்சர். "எப்படின்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. எப்படின்னு கண்டுபிடிச்சோம். யாருன்னு நீங்க போட்ட விடைதான் தப்பு."

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கேபிளைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துப் பேசினார். "சரிம்மா. ஏதோ ஆயிப்போச்சு. மனசுல வெச்சுக்காதே. போய் வேலையைப் பாரு."

கேபிள் நகரவில்லை.

"காலையில ஹால்ல வெச்சுத்தான் சார் திருடின்னு சொன்னீங்க. எல்லாரும் பாக்கத்தான் என் பையைக் கொட்டினீங்க. ஹால்ல சொன்னதை ஹால்லயே வந்து இல்லைன்னு சொல்லுங்க."

"இங்க சொன்னா ஆகாதா? அதான் இத்தனை பேர் கேட்டாச்சே."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் தனி வழி கேட்டே பழகிடுச்சு சார்." அவள் அவரை விடுவதாக இல்லை. "இதுக்கு மட்டும் எல்லாரும் போற வழியிலதான் போகணும்."

அப்போது கதவு தட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர் டீக்கு வந்துவிட்டார். "எங்கே சார் அந்தத் திருடி?" என்றார் உற்சாகமாக.

முதலாளி எழுந்தார். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஜன்னலைக்கூட ஒரு தடவை பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரைத் தாண்டி ஹாலுக்கு நடந்தார். தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"காலையில நான் சொன்னது தப்பு. இந்தப் பொண்ணு எதையும் எடுக்கலை" என்று சட்டைப் பொத்தானிடம் சொன்னார்.

"கேக்கலைங்க சார்!" என்றார் கடைசி மேஜையிலிருந்து தையல் மாஸ்டர்.

முதலாளி தலையை நிமிர்த்தினார். "இந்தப் பொண்ணு திருடி இல்லை! தப்பு என்னோடது! போதுமா?"

மாஸ்டர் போதும் என்று தலையாட்டினார். கேபிள் மேஜைக்குப் போய்த் தன் சீப்பை, சாப்பாட்டு டப்பாவை, சார்ஜரை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. தோல் வெட்டும் பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அழுது முடிக்கும்வரை ஹாலில் ஒரு ஊசியும் ஓடவில்லை. இன்ஸ்பெக்டருக்கு யாரோ டீ கொடுத்தார்கள். என்ன நடந்தது என்று புரியாமலே அவர் அதைக் குடித்து முடித்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேபிள் மறுபடி ரூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முதலாளி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரத் தயங்கினார்.

"புதுசா என்னம்மா எழுதறே?"

"எழுதலை சார். அழிக்கறேன். தொட்டி கேமராவைக் கழட்டியாச்சு, அதனால தொட்டி வரியையும் எடுத்துட்டேன், உங்க ரூம் வரியையும் எடுத்துட்டேன். இனிமே நீங்க அனுப்பறதும் எல்லாரோடதும் மாதிரி சோதனைப் பெட்டி வழியாத்தான் போகும். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, நான் கிளம்பிடறேன்."

முதலாளி யோசித்தார். தெருவுக்கு அப்பால் எதிர்க்கடையில் பச்சை ஷூ விற்றுக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"இருக்கட்டும்" என்றார் கடைசியில். பிறகு ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் கேட்டார்: "அந்தப் பெட்டியில பதிவாகறதை எல்லாம் தினமும் யாரும்மா பாப்பாங்க?"

"நான்தான் சார்" என்றாள் கேபிள்.

மாப்பிள்ளை சிரித்தே விட்டான். டீச்சர் அவனைத் தடுக்கவில்லை.